வாசகர் கேள்வி பதில்: தொட்டியில் செங்காந்தள்

நாற்றங்காலில் வாங்கிய செங்காந்தள் கிழங்கு, முதல் தடவை ஆறடி உயரம் ஏறி நன்றாகப் பூத்தது. பிறகு இலைகள் மஞ்சளாகிக் கொடி காய்ந்துவிட்டது. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கொழகொழவென்று இருக்கிறது. எங்கே தவறு? (வாசகி, தெம்பனிஸ்)

கொடி காய்ந்தது நோயால் அல்ல. பூத்து முடிந்ததும் செங்காந்தள் மண்ணுக்கு மேலே காய்ந்து, கிழங்காக ஓய்வெடுக்கும். அந்த ஓய்வுக் காலத்தில் ஊற்றிய தண்ணீர்தான் கிழங்கை அழுக வைத்தது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வறண்ட மாதங்கள் அதற்கு ஓய்வு தருகின்றன. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் மழை என்பதால் அந்த வறட்சியை நீங்கள்தான் உண்டாக்க வேண்டும்.

பாதிக்கு மேல் இலைகள் மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள். சாரல் படாத இடத்துக்குத் தொட்டியை மாற்றுங்கள். தண்டு முழுவதும் காயும் வரை காத்திருந்து, அதன் பிறகே வெட்டுங்கள். பச்சையாக இருக்கும்போதே வெட்டினால் புதுக்கிழங்கு பருக்காது. தொட்டியை உலர்வாக வைக்க முடியாதென்றால் கிழங்கை எடுத்து, காய்ந்த மணலில் புதைத்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். இரண்டு மூன்று மாதங்களில் முனை பருத்து வெளுப்பாகத் தெரியும். அதுதான் நடும் நேரம்.

கிழங்கு கலப்பை வடிவில் இரு கைகளாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைதான் உண்டு. அது முறிந்தால் அந்தக் கை பெரும்பாலும் துளிர்க்காது. ஆகவே கிழங்கைக் கையாளும்போது நுனியில் விரல் படக்கூடாது. 30 செ.மீ. ஆழத் தொட்டியில் தோட்டமண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு கலந்து, கிழங்கைப் படுக்கைவாட்டில் 5 முதல் 7 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். நட்டதும் ஒருமுறை தண்ணீர் விட்டால் போதும். முளை வெளிவந்த பிறகு, மேல்மண் இரண்டு செ.மீ. வரை காய்ந்தால் மட்டும் விடுங்கள். அடித்தட்டில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். கிழங்குக்கும் கெடுதல், கொசுவும் முட்டையிடும்.

கொடி நன்றாக வளர்கிறது, ஆனால் கம்பைப் பிடிக்காமல் சரிகிறது. பூவும் இல்லை. (வாசகர், ஈசூன்)

இதற்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே சுருண்டு பிடித்துக்கொள்ளும். அந்தச் சின்னச் சுருள் கட்டை விரல் தடிமனான மூங்கிலைச் சுற்ற முடியாது. மெல்லிய குச்சி, கம்பிவலை அல்லது நைலான் கயிறு கட்டுங்கள். பூக்காததற்கு வெயில் போதாமையோ தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகமானதோ காரணமாக இருக்கும். நான்கைந்து மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். மொட்டு வரும் பருவத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) மிகுந்த உரத்தைப் பாதி அளவில் கொடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் வைப்பவர்கள் நடக்க 1.2 மீட்டர் அகலம் விட வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பேரன் இருக்கிறான். செடியில் விஷம் என்கிறார்களே, எந்தப் பகுதியில்? (வாசகி, செங்காங்)

எல்லாப் பகுதியிலும். கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். நஞ்சின் பெயர் கால்சிசின். உடலின் செல்கள் இரண்டாகப் பிரிவதை அது தடுத்துவிடும். அதனால் வேகமாகப் பிரியும் செல்கள் உள்ள குடல், எலும்பு மஜ்ஜை, முடிவேர் ஆகியவை முதலில் அடிபடுகின்றன.

சாப்பிட்ட உடனே ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து வாந்தி, வயிற்றுவலி, கடும் வயிற்றுப்போக்கு தொடங்கும். கெட்டுப்போன உணவு என்று நினைத்து வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய ஆபத்து. அடுத்த ஓரிரு நாளில் இரத்த அணுக்கள் சரிந்து, சிறுநீரகம், இதயம் எனப் பல உறுப்புகள் பாதிக்கப்படலாம். பிழைத்தவர்களுக்கு ஓரிரு வாரத்தில் முடி கொட்டுவதும் உண்டு. வேகவைத்தாலும் இந்த நஞ்சு போகாது. கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று எண்ணிச் சமைத்து உண்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். கிழங்கைச் சமையலறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். பையில் “நஞ்சு” என்று பெரிதாக எழுதிப் பூட்டி வையுங்கள்.

குழந்தை மென்றது தெரிந்தால், அறிகுறிக்காகக் காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள், அல்லது நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வாயில் உள்ளதை எடுத்து வாயைக் கழுவுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். செடியின் துண்டு ஒன்றைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மருத்துவருக்கு அது நேரத்தை மிச்சமாக்கும்.

பூ வாடியதும் கிள்ளிவிட்டால் காய் பிடிக்காது. காய் வெடித்தால் தெரியும் செக்கச் சிவந்த விதைகள்தான் குழந்தையின் கண்ணை இழுப்பவை. பூனை, நாய்க்கும் இதே நஞ்சு. கிழங்கைத் தொடும்போது கையுறை போடுங்கள். மூன்று வயதுக் குழந்தை தினமும் நடமாடும் வீட்டில், கைக்கு எட்டாமல் வைக்க வழியில்லையென்றால், இந்தச் செடி இன்னும் சில ஆண்டுகள் கழித்து வரட்டும் என்பதே என் கருத்து.

கௌட் என்னும் மூட்டு வலிக்கு மருத்துவர் கால்சிசின் மாத்திரை தந்தார். அது இந்தக் கிழங்கில்தான் இருக்கிறதாமே, கொஞ்சம் அரைத்துச் சாப்பிடலாமா? (வாசகர், புக்கிட் பாத்தோக்)

வேண்டவே வேண்டாம். மருந்து ஒன்றே என்பது உண்மை. ஒட்டன்சத்திரம், மூலனூர்ப் பக்கம் விவசாயிகள் இதைப் பந்தலில் வளர்த்து விதையை விற்பதும் கால்சிசினுக்காகத்தான். ஆனால் ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம் அளவு. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. கிழங்குக்குக் கிழங்கு நஞ்சின் அளவு மாறும், வீட்டில் அதை அளக்க வழியில்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பவர்களுக்கும் மாத்திரையே ஆபத்தாகலாம். ஆகவே சாப்பிடும் மற்ற மருந்துகளையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஊரிலிருந்து கிழங்கு கொண்டுவரலாமா? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பெட்டியில் போட்டுக் கொண்டுவரக் கூடாது. இந்தியாவின் தாவர நலச் சான்றிதழும் தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் தேவை. ஓரிரு கிழங்குக்காக இவ்வளவு அலைவதைவிட, இங்குள்ள நாற்றங்காலில் முளை முறியாத, அழுத்தினால் கெட்டியாக இருக்கும் கிழங்காகப் பார்த்து வாங்குங்கள்.