முதலில் சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

வாசகர் கேள்வி – பதில்: உயர்ரக க்ளோஸ்டு-பேக் (கப்பின் பின்புறம் மூடிய) ஹெட்ஃபோன்கள்

கேள்வி: டெனான் ஏஹெச்-டி9200, சோனி எம்டிஆர்-இசட்1ஆர் இரண்டையும் ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். ஒரே ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஒரே பாடல்கள். ஒவ்வொரு முறையும் டெனானில்தான் விவரம் கூடுதலாகக் கேட்கிறது. இதை நம்பி முடிவெடுக்கலாமா?

பதில்: வால்யூமை எப்படிச் சமன் செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாமே அதில்தான் இருக்கிறது. டெனானின் இம்பீடன்ஸ் (மின்னோட்டத்துக்குக் காட்டும் தடை) 24 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 105 டெசிபல் சத்தம். சோனி 64 ஓம், 100 டெசிபல். பார்த்தால் 5 டெசிபல்தான் வித்தியாசம். ஆனால் வால்யூம் குமிழ் ஒரே இடத்தில் இருக்கும்போது ஆம்ப் இரண்டுக்கும் ஒரே மில்லிவாட்டைத் தருவதில்லை, ஒரே வோல்ட்டைத்தான் தருகிறது. ஒரு வோல்ட் கொடுத்தால் 24 ஓமில் 42 மில்லிவாட் அளவுக்குப் பாயும். 64 ஓமில் 16-ஐக்கூட எட்டாது. அந்தக் கணக்கில் டெனான் 121 டெசிபல், சோனி 112. இடைவெளி 9 டெசிபலுக்குப் போய்விடுகிறது.

9 டெசிபலை யாரும் கோட்டை விடமாட்டார்கள், குமிழைத் திருகிவிடுவார்கள். காதை மட்டும் நம்பித் திருகிய பிறகு மிஞ்சுகிற 1 டெசிபல்தான் ஏமாற்றும். அது 'சத்தம் கூட' என்று உறைக்காது; 'தெளிவு கூட', 'பேஸ் இறுக்கம்' என்றே உறைக்கும்.

சமன் செய்வது இப்படி: உறுதியான அட்டை ஒன்றில் மைக் நுழையும் அளவுக்கு ஓட்டை போடுங்கள். மைக் முனை அட்டையின் பரப்போடு மட்டமாக நிற்கட்டும். மீதி இடுக்கைப் புட்டியால் அடையுங்கள். ஓட்டைக்கு நேர் மேலே ஹெட்ஃபோனின் ஒரு கப்பைப் படிய வைத்து, 500 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரை மட்டுமே உள்ள பிங்க் நாய்ஸை ('ஷ்ஷ்' என்ற சோதனை இரைச்சல்) ஓட விட்டு அளவைப் பாருங்கள். பிறகு மற்றதை வைத்து, அதே எண் வரும்வரை குமிழைத் திருப்புங்கள். 1000 ஹெர்ட்ஸ் ஒற்றைச் சுரத்தால் அளக்க வேண்டாம். இரண்டில் ஒன்றுக்கு அந்த இடத்தில் சிறு பள்ளம் இருந்தால் எல்லாமே கோணலாகிவிடும். பேஸையும் இந்த அட்டையில் அளக்காதீர்கள். தட்டையான அட்டையில் கப்பின் மெத்தை படிவதுபோல் உங்கள் தாடையில் படியாது. ஒலி அளக்கும் ஃபோன் செயலி காட்டும் எண் சரியாக இராது, ஆனால் இரண்டுக்குமான வித்தியாசத்தைப் பிடிக்க அது போதும். மைக்கின் தானியங்கி ஒலிச் சீராக்கம் அணைந்திருக்க வேண்டும். இரண்டு குமிழ் நிலைகளையும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அரை டெசிபலுக்குள் வந்துவிட்டால் ஒப்பிடத் தொடங்கலாம்.

ஒன்றை பேலன்ஸ்டு (ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரெதிர் சிக்னல்கள் இரண்டு தரும்) சாக்கெட்டிலும் மற்றதைச் சாதாரண சாக்கெட்டிலும் மாட்டிக் கேட்டிருந்தால் அந்தத் தீர்ப்பு செல்லாது. பல ஆம்ப்களில் பேலன்ஸ்டு வழி இரட்டிப்பு வோல்ட் தருகிறது. அதாவது 6 டெசிபல்.

கேள்வி: எனக்குப் பேஸே இல்லாத ஹெட்ஃபோனில் நண்பருக்கு அளவுக்கு மீறிய பேஸ் கேட்கிறது. யார் காது சரி?

பதில்: இரண்டு காதுகளும் சரி. நீங்கள் கண்ணாடி அணிபவரா? க்ளோஸ்டு-பேக்கில் ஆழமான பேஸ், ட்ரைவருக்கும் (கப்புக்குள் அதிர்ந்து ஒலி எழுப்பும் பகுதி) காதுக்கும் நடுவே அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் வருகிறது. கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த அழுத்தம் கசிந்துவிடும். முதலில் போவது அடிமட்ட அலைகள்தான். காதுமடலுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற பள்ளமும் கசிவுக்குப் பேர்போன இடம். தடித்த முடி, காதணி எல்லாம் இதே வேலையைத்தான் செய்யும்.

40 ஹெர்ட்ஸ் சுரத்தைக் குறைந்த சத்தத்தில் ஓட விட்டு, இரண்டு கப்களையும் விரல்நுனியால் லேசாக உள்ளே தள்ளுங்கள். சுரம் சட்டென்று தடித்தால் கசிவு இருக்கிறது. பலமாக அழுத்தக் கூடாது. மெத்தையே நசுங்கி அது வேறு ஒலியாகிவிடும். ஒப்பிடும் நேரத்துக்குக் கண்ணாடியைக் கழற்றி வையுங்கள். ஆனால் அன்றாடம் கண்ணாடியோடுதான் கேட்பீர்கள் என்றால், கண்ணாடியோடு தேறுவதையே வாங்குங்கள். மிருதங்கத்தின் தொப்பியில் (இடப்பக்கத் தோல்) கும்கி (சறுக்கி எழும் அடிநாதம்) இழுபடும்போது அந்தச் சறுக்கல் கடைசிவரை காதில் நிற்கிறதா, நடுவிலேயே கரைகிறதா என்று பாருங்கள். எந்த வரைபடத்தையும்விட இது சீக்கிரம் சொல்லிவிடும்.

கேள்வி: வால்வு ஆம்பில் என் டைனமிக் (சுருள் கம்பியால் அதிரும்) ஹெட்ஃபோன் கொழுகொழுவென்று இருக்கிறது. பிளேனர் (காந்தங்களுக்கு அருகே தட்டையான படலம் அதிரும்) ஹெட்ஃபோனில் அந்த மாயம் நடக்கவில்லையே?

பதில்: மாயம் வால்வில் இல்லை, ஆம்பின் வெளியீட்டு இம்பீடன்ஸில் இருக்கிறது. வழக்கமாக 32 ஓம் காட்டும் டைனமிக் ட்ரைவர், பேஸ் பகுதியில் 80 ஓம் வரை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆம்பின் இம்பீடன்ஸ் 40 ஓம் என்றால், அந்த ஏற்றத்தில் மட்டும் ஒலி மூன்றரை டெசிபல் தூக்கி நிற்கும். பிளேனரின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய நேர்கோடு. சத்தம் மொத்தமாகக் குறையுமே தவிர வடிவம் மாறாது. ஒப்பிடுவதற்கு, ஹெட்ஃபோன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவான வெளியீட்டு இம்பீடன்ஸ் உள்ள ஆம்பை எடுங்கள்.

கேள்வி: விலை உயர்ந்த க்ளோஸ்டு-பேக்கிலும் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஏன் கேட்கிறது?

பதில்: ட்ரைவர் முன்னால் தள்ளும் ஒலிக்குச் சமமான ஒலி பின்னாலும் போகிறது. ஓபன்-பேக்கில் (பின்புறம் திறந்தது) அது வெளியேறிவிடும். இதில் கப்பின் சுவரில் மோதித் திரும்புகிறது. பின்சுவர் 4 செ.மீ. தூரத்தில் இருந்தால் அந்த எதிரொலி 4300 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் நின்று முழங்கும். குரலின் கூர்மை இருக்கும் இடத்துக்கு மிக அருகில்! இதை ஆளுக்கொரு விதமாகச் சமாளிக்கிறார்கள். சென்ஹைசர் ஹெச்டி 820-இல் வளைந்த கண்ணாடி, பின்னால் போகும் அலையை ஒலி உறிஞ்சிகளின் பக்கம் திருப்பி விடுகிறது. டான் கிளார்க் ஸ்டெல்த்தில் காதுக்கும் ட்ரைவருக்கும் நடுவே சிறு குழிகளும் பாதைகளும் கொண்ட மெட்டாமெட்டீரியல் (வடிவத்தாலேயே ஒலியைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) அடுக்கு வேண்டாத அலைகளை விழுங்குகிறது. டெனான் மூங்கில் கப்பை நம்புகிறது. எல்லாமே உயர்ரகமாக இருந்தும் இவை வேறு வேறு ஒலி தருவதற்குப் பெரும் காரணம் இதுதான். 'ட்ரைவரின் வேகம்' என்று புகழப்படுவதில் பாதி, கப்பின் வேலை என்பது என் கணிப்பு.

ஈக்வலைசரில் (ஒவ்வொரு அலைவரிசையின் சத்தத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) ஒடுக்கமான ஒரு பட்டையை 6 டெசிபல் உயர்த்தி, 200-இலிருந்து 6000 ஹெர்ட்ஸ் வரை மெல்ல நகர்த்துங்கள் (அதிலுள்ள ப்ரீஆம்ப் என்ற மொத்தச் சத்த அளவை 6 டெசிபல் குறைத்துவிட்டு). டப்பாத்தன்மை எங்கே தாங்க முடியாமல் போகிறதோ அங்கே 3 டெசிபல் வெட்டுங்கள். மேடு என்றால் அடங்கிவிடும். இரண்டு அலைகள் மோதி ஒன்றையொன்று அழித்ததால் வந்த பள்ளம் என்றால், எவ்வளவு உயர்த்தினாலும் நிரம்பாது. அந்த ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: புது ஹெட்ஃபோனை 200 மணி நேரம் ஓட விட்டால் ஒலி பழகிவிடும் என்கிறார்களே?

பதில்: பழகுவது பெரும்பாலும் மெத்தையும் உங்கள் காதும்தான். மெத்தை அமுங்கினால் ட்ரைவர் காதுக்கு நெருங்கி ஒலி நிஜமாகவே மாறும். அதனால் புது மெத்தையையும் ஈராண்டு உழைத்த மெத்தையையும் ஒப்பிடாதீர்கள்.

கேள்வி: பாடகர் குரல் எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே கேட்கிறது. ஹெட்ஃபோனில் கோளாறா?

பதில்: மோனோ பிங்க் நாய்ஸை ஓட விட்டு, ஹெட்ஃபோனை இடவலம் மாற்றி மாட்டுங்கள். சாய்வு வலப்பக்கம் போனால் கோளாறு ஹெட்ஃபோனிலோ ஆம்பிலோ. இடப்பக்கமே நின்றால் உங்கள் காதிலோ, அந்தப் பக்கம் மெத்தை படிகிற விதத்திலோ. முடிவுக்கு வருமுன் ஐந்து முறை கழற்றி மாட்டிப் பாருங்கள். 8000 ஹெர்ட்ஸுக்கு மேல், மாட்டுகிற கோணம் சற்று மாறினாலே சில டெசிபல் ஏறி இறங்கும்.