கொலைகாரனுக்குப் பரிதாபம், துரத்துபவளுக்குத் திட்டு

கே: 'தி டே ஆஃப் தி ஜாக்கல்' தொடரில் அந்தக் கூலிக்கொலையாளி மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று மனசு அடித்துக்கொண்டது. அவனைத் துரத்தும் உளவு அதிகாரி பியான்காவைக் கண்டாலே எரிச்சல். எனக்கு மட்டும்தான் இப்படியா?

ப: இல்லை. பார்த்தவர்கள் பலரும் என்னிடம் இதையேதான் சொன்னார்கள். என் மகள் பத்து எபிசோடையும் முடித்துவிட்டு, "அவன் பாவம்மா" என்றாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவன் வேலை செய்யும் அழகைக் காட்டித்தான் நம்மை மயக்குகிறார்கள். கொலையாளியாக வரும் எடி ரெட்மெய்ன் தொடக்கத்திலேயே பொறுமையாகக் கிழவன் வேஷம் கட்டுகிறார். இதே பெயரில் 1973-இல் வந்த படத்தில், அதே வேடத்தில் எட்வர்ட் ஃபாக்ஸ் ஒரு தர்பூசணியில் முகம் வரைந்து மரத்தில் தொங்கவிட்டு, ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு குறிநோக்கியைத் திருகித் திருத்துவார். கண் கொட்டாமல் பார்த்தேன். ஒருவன் ஒழுங்காக வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தால், அது என்ன வேலை என்பதே மறந்துபோகிறது. ஆனால் அந்தப் படத்தில் அடைக்கலம் கொடுத்த பெண்ணை அவன் கொல்லும் இடத்தில் மயக்கம் தெளிந்துவிடும். தொடரில் வரும் புதியவனுக்கோ ஸ்பெயினில் வீடு, மனைவி நூரியா, குழந்தை. அந்தக் காட்சிகள் இழுவை என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அவை இழுவையாகத் தெரியவில்லை. அவனை மன்னிக்க நமக்குக் காரணம் கிடைப்பதே அங்கேதான்.

பியான்காவுக்கும் கணவன், மகள் உண்டு. அவளும் வீட்டில் பொய் சொல்கிறாள். துப்புக்காக ஒரு தாயை மிரட்ட, அவள் மகளைக் காவலில் வைக்கிறாள். அந்தப் பெண் உயிரோடு திரும்பவில்லை. எனக்கும் கோபம் வந்தது, அது நியாயமான கோபம். ஆனால் பியான்காவிடம் அலுவலகமும் கணக்குக் கேட்கிறது, நாமும் கேட்கிறோம். அவன் கொன்றவர்களுக்கு யார் கேட்டோம்?

பழைய படத்தில் கொலையாளியைத் துரத்தும் போலீஸ் அதிகாரி லெபெல் நினைவிருக்கிறதா? அமைச்சர் உட்பட விசாரணைக் கூட்டத்தில் இருந்த அத்தனை பேரின் போனையும் ரகசியமாக ஒட்டுக்கேட்டவர். நாங்கள் கெட்டிக்காரர் என்று கொண்டாடினோம். ஆண் விடாப்பிடியாக இருந்தால் கடமை, பெண் இருந்தால் திமிர். லஷானா லிஞ்ச் பியான்கா பாத்திரத்தை நமக்குப் பிடிக்கும்படி மெழுகாமல் நடித்திருக்கிறார். அதற்காகவே அவரை நான் மதிக்கிறேன். இன்னொரு தடவை பாருங்கள், அவள் பக்கம் நின்று.

கே: நாவலையும் பழைய படத்தையும் அறிந்தவர்களுக்குப் புதியதில் என்ன சுவாரஸ்யம்?

ப: இரண்டுக்கும் மூலமான ஃபிரெடரிக் ஃபோர்சைத் நாவல் 1971-இல் வந்தது. அதில் குறிவைக்கப்படும் பிரெஞ்சு அதிபர் டி கால் அதற்கு முந்தைய ஆண்டுதான் தன் வீட்டில் இயற்கையாக இறந்திருந்தார். முடிவு ஊருக்கே தெரியும், இருந்தும் பக்கம் புரட்டக் கை பதறும். கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதியை ஒரே இரவில் முடித்தவள் நான். தொடரில் குறி ஒரு கற்பனைக் கோடீஸ்வரன், அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் பதற்றம் நாவலில்தான் அதிகம்.

கே: அடுத்த பாகம் உண்டா?

ப: உண்டு. முதல் பாகம் ஓடிக்கொண்டிருந்த 2024 நவம்பரிலேயே அறிவித்துவிட்டார்கள். நூரியாவுக்காக நான் காத்திருக்கிறேன்.