கடலுக்குப் போகும் பாதை யாருடையது?

கேள்வி: ஐயா, நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றில் இருக்கிறோம். பனங்காணி ஒன்றுக்குள்ளால் கடலுக்குப் போகும் மணல் பாதை அம்மம்மா காலத்திலிருந்தே இருக்கிறது. விடுதி கட்டவென்று அந்தக் காணியை வாங்கியவர் இப்போது சீமெந்துத் தூண் நட்டு முள்ளுக்கம்பி அடித்துவிட்டார். ஐஸ் ஏற்றின லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கரையிலுள்ள மீன் வாடிக்குப் போக ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது. கேட்டால், "கடற்கரை பொதுதானே, அங்கால சுற்றிப் போங்கோ" என்கிறார். விடுதி வந்தால் பெடியளுக்கு வேலை கிடைக்கும் என்று ஊரும் இரண்டாக நிற்கிறது. என்ன செய்வது?

பதில்: பிள்ளை, கடற்கரை பொது என்று அவர் சொல்வது சரிதான். அலை ஏறி இறங்கும் மணல் அரச காணி, தனியார் காணி உறுதிக்குள் வராது. ஆனால் அங்கே போகிற பாதை அடைபட்டால் அந்தப் பொதுவை வைத்து நீங்கள் என்ன செய்வது? வைகாசியில் வற்றாப்பளை அம்மனுக்கு உப்புநீரில் விளக்கெரிக்கத் தீர்த்தம் எடுக்கக் கடலுக்குப் போகிறவர்களிடம் யாராவது சுற்றிப் போகச் சொல்லுவார்களா?

முதலில் கிராம அலுவலரைக் கூட்டிக்கொண்டு போய் நில அளவைப் படத்தைப் பாருங்கள். பாதை அதில் இருந்தால் பிரதேச செயலகத்திலும் பிரதேச சபையிலும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். இல்லாவிட்டாலும் மனம் விடாதீர்கள். தனியார் காணிக்குள்ளால் பத்து வருடம் தடையில்லாமல், ஒளிக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் போய்வந்த பாதைக்கு வழியுரிமை கேட்கலாம், 1871ஆம் ஆண்டிலிருந்து இருக்கிற சட்டம் அது. இடம்பெயர்ந்த வருடங்களைக் காட்டி மற்றத் தரப்பு வாதாடும், மீளக்குடியேறிய பிறகே பத்து வருடம் தாண்டிவிட்டது என்று நீங்கள் சொல்லுங்கள். வயதானவர்களிடம் இப்போதே சத்தியக்கடதாசி வாங்கி வையுங்கள், அவர்கள் போன பிறகு அந்தச் சாட்சியும் போய்விடும். அடிபிடி வரும் நிலை என்றால் பொலிசில் முறைப்பாடு போட்டு, 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவில் நீதவான் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான், நிரந்தர உரிமைக்கு மாவட்ட நீதிமன்றம் ஏற வேண்டும்.

பாதை மட்டும் திறந்தாலும் போதாது. கரைவலை வளைத்தால் கயிற்றின் ஒரு தலைப்பு இங்கே நிற்கும், மற்றது சில நூறு மீட்டர் தள்ளி நிற்கும். இரண்டு பக்கமும் ஆட்கள் இழுத்து இழுத்து, மணலில் நடந்து நெருங்கி வரவரத்தான் மீன் சேரும் வலையின் மடி கரைக்கு ஏறும். அந்த நடைக்கு இடையில் ஒரு மதிலோ கதிரை போட்ட கொட்டிலோ வந்தால் அந்தப் பாடு, அதாவது வலை இழுக்கும் இடம், அதோடு சரி. விடுதிக்காரருக்கு இது தெரியாமலும் இருக்கலாம், ஒருநாள் விடியப்புறம் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

பெடியளுக்கு வேலை வேண்டும்தான், விடுதியே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கரையிலிருந்து 300 மீட்டருக்குள் கட்டுவதென்றால் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டப்படி அனுமதிப்பத்திரம் வேண்டும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அதன் பிரதியைக் கேளுங்கள், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரமே இன்னும் கொடுக்கவில்லை என்றால் உங்களுக்கு நல்ல காலம். பாதையும் வலை இழுக்கும் இடமும் படத்தில் கீறப்பட்டு நிபந்தனையாக வர வேண்டும் என்று கடற்றொழிலாளர் சங்கம் எழுத்தில் கொடுக்கட்டும். வாய்ப்பேச்சாக வாங்கிய உறுதிமொழி காணி இன்னொருவர் கைக்கு மாறும் அன்றைக்கே போய்விடும்.

கேள்வி: நான் வெளிநாட்டில் இருக்கிறேன். கடலைப் பார்த்தபடி அப்பாவின் காணி ஒன்று ஊரில் இருக்கிறது, உறுதியும் என்னிடம் உண்டு. நாலு அறை கட்டி வாடகைக்கு விட நினைக்கிறேன். சொந்தக் காணிக்கும் அனுமதியா? சுனாமிக்குப் பிறகு 200 மீட்டர் என்றார்களே, அது இன்னும் இருக்கிறதா?

பதில்: தம்பி, வடக்கு கிழக்குக்கு 200 மீட்டர், தெற்கு மேற்குக்கு 100 மீட்டர் என்று அன்று போட்ட தடையைப் பிறகு தளர்த்திவிட்டார்கள். மேலே சொன்ன 300 மீட்டர்ச் சட்டம் அப்படியே இருக்கிறது, உறுதி உங்கள் பெயரில் இருந்தாலும் அனுமதி எடுக்கத்தான் வேண்டும்.

கடல் தெரிய வேண்டுமென்று முன்னாலுள்ள மணற்கும்பியை டோசர் போட்டுத் தட்டையாக்க மட்டும் விடாதீர்கள், இதை உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்தமுறை வரும்போது குனிந்து ஒரு அடம்பன் கொடியைக் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள், கணுவுக்குக் கணு வேர் விட்டு மணலைக் கவ்விக்கொண்டிருக்கும். அதற்கு மேலே இராவணன் மீசைப் புல், அதற்குப் பின்னால் தாழை. இவை போனால் மாரியில் வாடைக்காற்றோடு வரும் கடலுக்கு முன்னால் நிற்க ஒன்றுமில்லை. கும்பிக்குள் ஊறி நிற்கும் மழைத்தண்ணீர் கிணறுகளுக்கும் உதவும், அதையும் வழித்தெடுத்தால் உவர் ஏறும், உங்கள் கிணற்றில் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றிலும்தான். கும்பிக்குப் பின்னால் கட்டுங்கள். மேலால் ஒரு பலகைப் பாலம் போட்டால் வருகிறவர்கள் கொடியை மிதிக்காமல் கடலுக்குப் போவார்கள். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்கு எட்ட வையுங்கள். அப்புறம், அப்பா காலத்தில் காணி ஓரத்தால் ஊரார் போய்வந்த வழி இருந்தால் வேலி அடிக்கும்போது அதை விட்டு அடியுங்கள்.

கேள்வி: எங்கள் இளைஞர் கழகம் கடற்கரையில் கண்டல் மரம் நடப்போகிறது. பிடிக்குமா?

பதில்: அலை அடிக்கும் வெறும் மணலில் பிடிக்காது. கண்டலுக்குச் சேறும் அமைதியான தண்ணீரும் வேண்டும், நந்திக்கடல், நாயாறு மாதிரிக் களப்போரம்தான் அதற்கு ஏற்ற இடம். இரண்டையும் 2017இல் இயற்கை ஒதுக்கிடமாக அறிவித்திருப்பதால் வனஜீவராசிகள் திணைக்களத்திடம் முதலில் கேளுங்கள், இறால் பிடிக்கிறவர்களிடமும் எந்த இடத்தால் இறங்குகிறார்கள் என்று கேட்டுவிட்டு நடுங்கள். கடற்கரைக்கு என்றால் தாழையும் அடம்பனும் போதும்.