நெட் வேகம்: கேள்வி – பதில்

கேள்வி: 100 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருக்கிறேன். மாதக் கடைசியில் ஊர்கிறது. கம்பெனியே குறைக்கிறதா, லைனில் கோளாறா?

பதில்: வைஃபையில் சோதித்தால் பிடிபடாது. மற்ற கருவிகளையெல்லாம் நிறுத்திவிட்டு, கணினியை லேன் கேபிளில் ரவுட்டரோடு இணையுங்கள். அதிகாலை 5 மணிக்கும் இரவு 9 மணிக்கும் மூன்று நாள் வேகத்தைக் குறித்துவையுங்கள். எந்நேரமும் 2 எம்பிபிஎஸ்ஸிலேயே நின்றால் திட்டத்தின் மாத டேட்டா வரம்பைத் தாண்டியிருப்பீர்கள், அதனால் கம்பெனி வேகத்தைக் குறைத்திருக்கும்; அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். காலையில் 95, இரவில் 10 என்றால் நெரிசல். 95 காட்டியும் வீடியோ மட்டும் திணறினால் விபிஎன் (என்ன பார்க்கிறீர்கள் என்று கம்பெனிக்குத் தெரியாதபடி வேறு சர்வர் வழியாக அனுப்பும் செயலி) போட்டுப் பாருங்கள். சீரானால், கம்பெனி வீடியோவின் வேகத்தை மட்டும் குறைக்கிறது என்று சந்தேகிக்கலாம். சந்தேகம்தான், விபிஎன் வேறு பாதையில் போவதாலும் வேகம் கூடும். இரண்டு மூன்று விபிஎன் சர்வர் மாற்றிப் பார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள்.

கேள்வி: நாங்கள் அதிகம் படம் பார்ப்பதில்லை. மாத வரம்பான 1000 ஜிபி எப்படிக் கரைந்தது?

பதில்: வாசலில் கேமரா இருக்கிறதா? 2 எம்பிபிஎஸ்ஸில் இரவு பகலாக கிளவுடுக்கு அனுப்பும் ஒரே கேமரா நாளுக்கு 21.6 ஜிபி, மாதத்துக்கு 648 ஜிபி தின்னும். பல திட்டங்களில் அப்லோடும் கணக்கில் சேரும். அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும்படி மாற்றுங்கள். எந்தக் கருவி எவ்வளவு இழுக்கிறது என்று பல ரவுட்டர்களின் அமைப்புப் பக்கத்திலேயே பார்க்கலாம்.

கேள்வி: அன்லிமிடெட் என்று விற்றுவிட்டுக் குறைப்பது நியாயமா?

பதில்: மாதக் கணக்கை மட்டும் பார்த்துக் குறைப்பது நியாயமில்லை. அதிகாலை 3 மணிக்கு 50 ஜிபி இறக்குபவரால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. இரவு 9 மணிக்கு எல்லோரும் சேர்ந்து இழுப்பதால்தான் லைன் அடைக்கிறது. அமெரிக்காவின் இணையச் சேவை கம்பெனி காம்காஸ்ட், இணைப்பைத் துண்டிக்கச் சொல்லும் பொய்யான ரீசெட் பாக்கெட் அனுப்பி, பிட்டோரண்ட் (பயனர்கள் தங்களுக்குள் ஃபைல் பகிரும் முறை) இணைப்புகளை அறுத்தது 2007-ல் அம்பலமாகி, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். மறு ஆண்டே முறையை மாற்றியது: லைன் நெரிசலாக இருக்கும்போது, தன் வேகத்தில் 70 சதவீதத்துக்கு மேல் 15 நிமிடம் இழுப்பவருக்கு மட்டும் முன்னுரிமை குறையும், 50 சதவீதத்துக்குக் கீழே 15 நிமிடம் இறங்கினால் பழையபடி கிடைக்கும். அது எவ்வளவோ மேல்.

புகாரை எழுத்தில் கொடுங்கள். "நெட் ஸ்லோ" என்று மட்டும் எழுதினால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். தேதி, நேரம், கேபிளில் வந்த வேகம் மூன்றையும் எழுதி, வரம்பு எத்தனை ஜிபி, தாண்டினால் என்ன வேகம், அப்லோடு சேருமா என்று கேளுங்கள்.