கேளுங்கள், சொல்கிறேன்: பொட்டோசியின் வெள்ளி எங்கே போனது?

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி 1500-க்கும் 1800-க்கும் இடைப்பட்ட காலத்தைப் பற்றியவை. அதிலும் தென் அமெரிக்காவின் பொட்டோசி போன்ற சுரங்கங்களிலிருந்து ஸ்பெயின் எடுத்த வெள்ளியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டிருப்பதால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அமெரிக்கக் கண்டத்திலிருந்து அத்தனை வெள்ளியை அள்ளிவந்த ஸ்பெயின் எப்படித் திவாலானது? பாடப்புத்தகத்தில் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள்.

பதில்: ஒரு முறை இல்லை, இரண்டாம் பிலிப் மன்னரின் ஆட்சியில் மட்டும் 1557, 1560, 1575, 1596 என நான்கு முறை கைவிரித்தார்கள். ஆனால் இங்கே திவால் என்றால் கஜானா மொத்தமாகக் காலி என்று அர்த்தமில்லை. அதிக வட்டிக்கு வாங்கிய குறுகிய காலக் கடனை இப்போது தர முடியாது என்று நிறுத்திவிட்டு, கொடுத்தவர்களைக் குறைந்த வட்டிக்கு நீண்ட காலப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளச் சம்மதிக்க வைப்பார்கள். அப்படியும் மறுபடி கடன் கொடுக்க ஆள் இருந்தது. முதலில் ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுக்கர் குடும்பம், அப்புறம் ஜெனோவாவின் வங்கியாளர்கள். அடுத்த வருஷம் செவில் துறைமுகத்துக்கு வெள்ளிக் கப்பல்கள் வந்துவிடும் என்ற நம்பிக்கைதான் காரணம். சுரங்கத்திலிருந்து கப்பல் ஏறும் முன்பே அந்த வெள்ளி அடகு போயிருக்கும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வந்த வெள்ளியெல்லாம் மன்னருடையது அல்ல. எடுப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான் அரசுக்கு, மீதி தனியாருக்கு. அரசின் மொத்த வருமானத்தில் அமெரிக்க வெள்ளி சுமார் கால் பங்கு, அதுவும் நல்ல வருஷங்களில்தான். பெரும் சுமை ஸ்பெயினின் காஸ்டீல் பகுதி மக்களின் வரியில்தான் விழுந்தது. செலவு என்று பார்த்தால் 1568-இல் நெதர்லாந்தில் தொடங்கிய கிளர்ச்சி இடையில் ஒரு போர்நிறுத்தம் தவிர 80 ஆண்டுகள் இழுத்தது, மத்தியதரைக் கடலில் துருக்கிய ஒட்டோமான்களோடு போர், 1588-இல் இங்கிலாந்தை நோக்கி அனுப்பித் தோற்ற கடற்படை. 1575-இல் கடனை நிறுத்தியதும் நெதர்லாந்தில் இருந்த படைக்குச் சம்பளம் போகவில்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் அந்தப் படையே ஆண்ட்வெர்ப் நகரத்துக்குள் புகுந்து சூறையாடியது, ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஐரோப்பாவின் பணக்கார வணிக நகரம் அது. சம்பளம் வராத சிப்பாய்களின் கையில் சிக்கிச் சீரழிந்தது.

விலைவாசியும் சேர்ந்துகொண்டது. அந்த நூற்றாண்டில் ஸ்பெயினில் விலைகள் பல மடங்கு ஏறின. பணம் அரிதாக இருந்தபோது பொருள் மலிவாக இருந்தது, பொன்னும் வெள்ளியும் வந்து குவிந்த பிறகு விலை ஏறிவிட்டது என்று ஸ்பெயினின் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் கற்பித்த மார்ட்டின் டி அஸ்பில்குவெத்தா 1556-லேயே எழுதிவைத்தார். மன்னர் கேட்டிருக்கலாம்.

கேள்வி: அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் யார்? அவர்களைப் பற்றி எதுவுமே படித்ததில்லை.

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இந்தக் காலத்தைப் பற்றிய கதைகளில் கப்பல் தலைவர்களின் பெயர்கள் நிறைய வரும், தோண்டியவர்கள் வரவே மாட்டார்கள்.

இன்றைய பொலிவியாவில், கடல் மட்டத்துக்குச் சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி. 1545-இல் அங்குள்ள மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவந்தது. மேலாக இருந்த வளமான கனிமம் சில பத்தாண்டுகளில் தீர்ந்துபோக, ஆழமாகத் தோண்ட வேண்டி வந்தது, கிடைத்த கனிமத்தின் தரமும் குறைந்தது. அப்போதுதான் 1570-களில் வைசிராய் பிரான்சிஸ்கோ டி டொலேடோ 'மீட்டா' என்ற முறையைப் பொட்டோசிக்குக் கொண்டுவந்தார். இன்கா அரசில் முன்பே இருந்த சுழற்சி முறை வேலைதான் அது, அவர் அதைச் சுரங்கத்துக்கு ஆள் பிடிக்கத் திருப்பிவிட்டார். 16 மாகாணங்களிலிருந்து வயது வந்த ஆண்களில் ஏழில் ஒருவர் முறை வைத்து வர வேண்டும். வருஷத்துக்கு 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். பெண்டாட்டி பிள்ளைகளையும் சுமை விலங்குகளையும் கூட்டிக்கொண்டு, சிலர் வாரக்கணக்கில் நடந்தே வந்து சேர்ந்தார்கள்.

ஜோசே டி அகோஸ்டா என்ற பாதிரியார் 1590-இல் வெளியிட்ட நூலில் சுரங்கத்தின் உள்ளே நடப்பதை விவரித்திருக்கிறார். முறுக்கிய மாட்டுத்தோலால் செய்த ஏணிகள். ஒரு போர்வையை மார்பில் முடிச்சுப்போட்டு, கனிமத்தை முதுகில் சுமந்துகொண்டு மூன்று மூன்று பேராக ஏறுவார்கள், ஒருவர் சுமை 20 கிலோவுக்கும் மேல். முன்னால் போகிறவர் கட்டைவிரலில் ஒரு மெழுகுவர்த்தியைக் கட்டியிருப்பார், ஏனென்றால் ஏணியைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அந்த இருட்டில் வெளிச்சம் அவ்வளவுதான்.

மேலே வந்த கனிமத்தைத் தண்ணீரில் ஓடும் ஆலைகளில் இடித்துப் பொடியாக்கி, உப்பும் பாதரசமும் சேர்த்துப் பிசைவார்கள். வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு சூடாக்கிப் பாதரசத்தை ஆவியாக்கி வெள்ளியைப் பிரிப்பார்கள். அந்த ஆவியைச் சுவாசித்தவர்களின் கை கால் நடுங்கும், ஈறு வெந்து பல் கழன்றுவிடும். பாதரசம் பெருவில் உள்ள ஹுவான்காவெலிகாவிலிருந்து வந்தது. அங்கேயும் மீட்டா வேலைதான், பொட்டோசியைவிட அங்கே போகத்தான் ஜனங்கள் அதிகம் பயந்தார்கள்.

முறை வருவதற்கு முன்பே கிராமத்தை விட்டு ஓடியவர்கள் ஏராளம். ஓடியவர்களின் பங்கும் மிச்சமிருந்தவர்கள் தலையில் விழுந்தது, ஆள் தர முடியாத ஊர்கள் பதிலாளுக்கான கூலியைக் காசாகக் கட்டின. இதை நிறுத்தும் சட்டம் 1812-இல்தான் வந்தது. இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் ஒரு பிரதேசமே இந்தக் கணக்கில் சிக்கிக் கிடந்தது என்பதைச் சொல்லாமல் பொட்டோசியின் செல்வத்தை மட்டும் பேசுவது எனக்குச் சரியாகப்படவில்லை.

கேள்வி: இவ்வளவு வெள்ளியும் கடைசியில் சீனாவுக்குப் போய்விட்டது என்கிறார்களே, ஏன்?

பதில்: எல்லாமும் இல்லை, ஆனால் மிகப் பெரிய பங்கு. அப்போது சீனாவை ஆண்ட மிங் அரசின் காகிதப் பணம் மதிப்பிழந்துபோனதால் மக்கள் வெள்ளியில் கொடுக்கல் வாங்கல் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் அரசும் பல்வேறு வரிகளையும் வேலைக் கடமைகளையும் ஒன்றாக்கி வெள்ளியாக வாங்கத் தொடங்கியது. முதன்மை அமைச்சர் ஜாங் ஜூஜெங் இதை 1580-ஐ ஒட்டி நாடு முழுக்கக் கொண்டுபோனார். பத்துக் கோடிக்கும் அதிகமானவர்கள் இருந்த நாட்டில் வரி வெள்ளியில் என்றால் தேவை எவ்வளவு இருந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனாவில் சுமார் 6 பங்கு வெள்ளிக்கு 1 பங்கு தங்கம் கிடைத்தது, ஐரோப்பாவில் அதற்குச் சுமார் 12 பங்கு வெள்ளி தர வேண்டும். வெள்ளியைச் சீனாவுக்குக் கொண்டுபோனாலே லாபம்.

முதலில் ஜப்பானின் இவாமி சுரங்க வெள்ளிதான் அதிகம் போனது. சீனாவும் ஜப்பானும் நேரடியாக வியாபாரம் செய்யத் தடை இருந்ததால் சீனக் கரையில் உள்ள மக்காவு துறைமுகத்தில் இருந்த போர்ச்சுக்கீசியர்கள் நடுவில் புகுந்து சம்பாதித்தார்கள். 1571-இல் ஸ்பானியர்கள் பிலிப்பைன்ஸின் மணிலாவைத் தங்கள் தலைமையிடமாக்கியதும் மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து வெள்ளி பசிபிக்கைக் கடந்து நேராக வந்தது. போக மூன்று மாதம். திரும்பத்தான் கஷ்டம், ஜப்பான் பக்கம் வடக்கே ஏறி மேற்குக் காற்றைப் பிடிக்க வேண்டும், நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். 1565-இல் உர்தானெத்தா என்ற ஸ்பானியத் துறவி அந்த வழியைக் கண்டுபிடித்திருக்காவிட்டால் இந்த வியாபாரமே கிடையாது. மணிலாவில் சீனப் பட்டுத்துணியையும் பீங்கானையும் கொடுத்துவிட்டு சீனாவின் ஃபுஜியான் மாகாண வியாபாரிகள் வெள்ளியோடு ஊர் திரும்பினார்கள். சுமுகமாகவே நடந்தது என்று நினைக்க வேண்டாம், 1603-இல் மணிலாவில் பல ஆயிரம் சீனர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஆகவே அந்தக் காலத்தில் ஐரோப்பா இழுத்த இழுப்புக்கு உலகம் போனது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. விற்க ஐரோப்பியர்களிடம் வெள்ளியைத் தவிரப் பெரிதாக எதுவும் இல்லை. வாங்க வேண்டியதெல்லாம் ஆசியாவில் இருந்தது.

கேள்வி: உலகத்தை முதலில் சுற்றிவந்தவர் மெகல்லன் என்பது சரியா?

பதில்: அவர் முடிக்கவில்லை. 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மாக்டான் தீவில் கொல்லப்பட்டார். 5 கப்பல்களில் சுமார் 270 பேர் கிளம்பினார்கள், 1522 செப்டம்பரில் அந்தக் குழுவில் இருந்த எல்கானோவின் தலைமையில் விக்டோரியா கப்பல் மட்டும் 18 ஐரோப்பியர்களோடு ஸ்பெயினுக்குத் திரும்பியது.

கேள்வி: ஒரு ஜாதிக்காய்த் தீவுக்காக நியூயார்க்கையே டச்சுக்காரர்கள் கொடுத்துவிட்டார்களாமே?

பதில்: கேட்க நன்றாக இருக்கிறது, நடந்தது கொஞ்சம் வேறு. நியூயார்க்கின் பழைய பெயரான நியூ ஆம்ஸ்டர்டாமை, டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் 1664-லேயே பிடித்துவிட்டார்கள். இந்தோனேசியாவின் பண்டா தீவுகளில் ஒன்றான ரன் என்பதுதான் அந்த ஜாதிக்காய்த் தீவு. அது, ஆங்கிலேயர் உரிமை கோரினாலும் டச்சுக்காரர் கையில்தான் இருந்தது. 1667-இல் பிரெடா ஒப்பந்தத்தில் அவரவர் பிடித்ததை அவரவர் வைத்துக்கொள்ளலாம் என்று முடித்துக்கொண்டார்கள். தென் அமெரிக்காவின் சுரினாமும் அதே கணக்கில் டச்சுக்காரருக்குப் போனது.

ஆனால் பண்டா என்றதும் நினைவுக்கு வர வேண்டியது 1621. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரல் யான் பீட்டர்சோன் கூன் ஜாதிக்காய் வியாபாரம் முழுவதும் தங்களுக்கே வேண்டும் என்று படையோடு இறங்கினார். 40-க்கும் மேற்பட்ட ஊர்த்தலைவர்களை வெட்டிக் கொன்றார்கள். தீவுகளில் சுமார் 15,000 பேர் இருந்ததாகக் கணக்கிடுகிறார்கள், அதில் மிகச் சிலரே அங்கே மிஞ்சினார்கள். தோட்டங்களில் வேலை செய்ய வேறு இடங்களிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்து இறக்கினார்கள். நியூயார்க் கதையைச் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

கேள்வி: 1582-இல் பத்து நாட்கள் காணாமல் போனதாகப் படித்தேன். நம்பலாமா?

பதில்: நம்பலாம். போப் பதின்மூன்றாம் கிரகோரி நாட்காட்டியைத் திருத்தியபோது, உடனே ஏற்றுக்கொண்ட நாடுகளில் அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் அக்டோபர் 15. ஸ்பானியத் துறவியான அவிலாவின் புனித தெரசா இறந்தது அந்த இரவில்தான். இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. அதனால் இந்தக் காலத்து ஆங்கிலேயக் கடிதங்களைப் படிக்கும்போது தேதி பத்துப் பதினோரு நாள் பிசகினால் பதற வேண்டாம்.

கேள்வி: ஸ்பானிய வெள்ளி நாணயத்தை உலகமே நம்பியது என்கிறார்கள். அதில் கலப்படம் நடந்ததே இல்லையா?

பதில்: நடந்தது, அதுவும் பொட்டோசி நாணயச்சாலையிலேயே. 1640-களில் அங்கே அடித்த, எட்டு ரியால் மதிப்புள்ள ஸ்பானிய வெள்ளி நாணயங்களில் வெள்ளி குறைவாக இருந்தது. வியாபாரிகள் கண்டுபிடித்துவிட்டார்கள், ஐரோப்பாவின் பல இடங்களில் 'பெரு' நாட்டு நாணயம் (பொட்டோசி அப்போது பெருவின் ஆட்சிக்குள் இருந்தது) என்றாலே வாங்க மறுத்தார்கள். ஸ்பெயினிலிருந்து நெஸ்தாரெஸ் மரின் என்ற அதிகாரி விசாரணைக்கு வந்து, நாணயத்தின் தரத்தைச் சோதித்துச் சான்று தர வேண்டிய அதிகாரிக்கும், இதில் பெரும் பணம் சம்பாதித்த கோமெஸ் டி லா ரோச்சா என்ற வெள்ளி வியாபாரிக்கும் மரண தண்டனை வாங்கிக் கொடுத்தார். ஏற்கனவே புழக்கத்தில் இருந்த நாணயங்களின் மதிப்பைக் குறைத்தார்கள், 1652-இல் அச்சையே மாற்றினார்கள். இரண்டு தூண்களும் அவற்றுக்குக் கீழே கடல் அலையும் இருக்கும் பொட்டோசி நாணயத்தை எங்காவது அருங்காட்சியகத்தில் பார்த்தால், அது இந்த ஊழல் பிடிபட்ட பிறகு அடித்தது.