மண்டபம் இல்லை என்றால், எழுத்தில் கேளுங்கள்

கேள்வி: கொழும்பில் அரச பல்கலைக்கழகமொன்றில் மூன்றாம் வருடம் படிக்கிறேன். பயங்கரவாதத் தடைச் சட்டம் பற்றிக் கலந்துரையாட மண்டபம் கேட்டோம். "தலைப்பை மாத்திட்டு வாங்கோ" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்குப் பேச உரிமை இல்லையா? – மாணவி, வெள்ளவத்தை

பதில்: இருக்கிறது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தைத் தருகிறது. 1993இல் 'ஜன கோஷ' வழக்கில், மேளம் அடித்து அரசை எதிர்ப்பதும் கருத்து வெளிப்பாடுதான் என்றது உயர் நீதிமன்றம். மேளத்துக்கே இடமிருந்தால் உங்கள் மைக்குக்கு இல்லையா? தேசிய பாதுகாப்பு, இன, மத நல்லிணக்கம் போன்ற காரணங்களுக்காக 15ஆம் உறுப்புரையின் கீழ் கட்டுப்பாடு போடலாம்தான். ஆனால் அதைச் சட்டத்தால் போட வேண்டும். 'மேலிடம் விரும்பாது' என்பது சட்டமல்ல.

சிக்கல் என்னவென்றால், அவர்கள் மறுத்ததற்கு உங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தலைப்பு, திகதி, பேச்சாளர் எல்லாம் போட்டு மறுபடி விண்ணப்பியுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்தத் தயங்கினால் பதிவுத் தபாலில் அனுப்பி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். மண்டபம் வழங்கும் விதிகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். தருவதா மறுப்பதா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 126ஆம் உறுப்புரையின்படி, உரிமை மீறப்பட்டதிலிருந்து ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவைப் போட வேண்டும். 14 வேலை நாள் என்றாலே மூன்று வாரம் போய்விடும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை நடக்கும் காலம் மனுவுக்கான அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டைக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். விசாரணை உண்மையிலேயே நடந்ததா என்று நீதிமன்றம் பார்க்கும். ஆணைக்குழு உங்களுக்குப் பக்கத்தில்தான், பம்பலப்பிட்டி ஆர்.ஏ. டி மெல் மாவத்தையில்.

தனியார் கம்பஸ் என்றால் கதை வேறு. 126 அரச நடவடிக்கைக்குத்தான் பொருந்தும். அங்கே மாணவர் கைநூலைத்தான் முதலில் புரட்ட வேண்டும்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 2007ஆம் ஆண்டு ஐ.சி.சி.பி.ஆர் (சிவில், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, ஓர் இனத்துக்கோ மதத்துக்கோ எதிராக வெறுப்பைத் தூண்டினால் 10 வருடம் வரை சிறை. ஒரு சட்டத்தை விமர்சிப்பது அதில் வராது. ஆனாலும் அந்தப் பிரிவைத் தவறாகப் பிரயோகித்ததும் உண்டு: முகநூல் பதிவுக்காக 2020இல் கைதான ரம்ஸி ராசிக்கின் உரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் சொன்னது 2023இல்தான். அதனால் கூட்டத்தை முழுசாகப் பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றினால், காட்டுவதற்கு முழுப் பேச்சும் உங்களிடம் இருக்கும்.