லாஸ் ஏஞ்சலிஸ் – சிகாகோ: பழைய மியாட்டாவில் கிளம்புமுன்

1996 மாஸ்டா மியாட்டா காரை வாங்கிய மறுநாளே லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து சிகாகோவுக்கு ஓட்டி வரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம், மறுநாளே வேண்டாம். இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள்.

பட்டன் தேயவில்லை என்று டயரை நம்பாதீர்கள். பக்கவாட்டில் 'DOT' என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 1715 என்றால் 2015-இன் 17-ஆவது வாரம் தயாரானது. அவ்வளவு பழைய ரப்பர் மொஹாவி பாலைவன வெயிலில், நெடுஞ்சாலை வேகத்தில் பிய்ந்து போகும். நாலையும் மாற்றுங்கள். காற்று 26 பிஎஸ்ஐ, டயர் ஆறியிருக்கும்போது.

ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியிருந்தால் எப்போது வேண்டுமானாலும் வெடிக்கும்; வழியில் பார்ஸ்டோ ஊருக்கு முன்பே கஹோன் கணவாய் ஏற்றம் அதைச் சோதித்துவிடும். ஹோஸ்களோடு சேர்த்து மாற்றுங்கள். எஞ்சின் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கு ரசீது இல்லையா? மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வு வளையாது, ஆனால் நடுக்காட்டில் நிற்பீர்கள்.

கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதிக்கும்போது திரவ அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் பாகம்) ரப்பர் உறையை விலக்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கசிகிறது. மலிவான பாகம்தான், யோசிக்காமல் மாற்றலாம்.

பாதை: பார்ஸ்டோவிலிருந்து ஐ-40 நெடுஞ்சாலை, ஓக்லஹோமா சிட்டியில் ஐ-44, செயின்ட் லூயிஸில் ஐ-55. பார்ஸ்டோவில் டேங்கை நிரப்பிவிடுங்கள், நீடில்ஸ் வரை பாலைவனம்தான். இன்சூரன்ஸ் மட்டும் சாவி வாங்குவதற்கு முன்பே அமலில் இருக்கட்டும்.